ஒரு சாண் அளவில் ஒரு பெருவெளி

சால்வதோர் டாலி 1931ஆம் ஆண்டு தீட்டிய 'நினைவின் நிலைபேறு' என்னும் ஓவியத்தை நாம் அச்சுப்படமாகவே அறிந்திருந்தோம். மீமெய்யியல் பற்றி வகுப்பில் பேச நேர்ந்தபோதெல்லாம், சுவரை நிறைக்கும் பேரோவியம் அது என்றே கூறிவந்தோம். பின்னர் நூலொன்றில் அதன் அளவைக் கண்டு திடுக்கிட்டோம். உயரம் 24 சென்டிமீட்டர். அகலம் 33 சென்டிமீட்டர். நம் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்தால் அதனுள் அடங்கிவிடும்! மாணவரிடம் பிழையை ஒப்புக்கொண்டோம். "சாண் உயரத் துணியில் இத்தனை பெரிய வெளி எங்ஙனம் வந்தது, ஐயா?" என்றார் ஒருவர். அன்று நம்மிடம் விடையில்லை.

வீட்டில் அப்படத்தை மீண்டும் நோக்கினோம். குழைந்து தொங்கும் கடிகாரங்களையே எவரும் முதலில் காண்பர். உருகும் பாலாடைக்கட்டியே அவற்றிற்குத் தூண்டுதல் என்று டாலி தம் தன்வரலாற்றில் எழுதினார். அவர் சொற்களை முழுதும் நம்ப வேண்டுவதில்லை. நாம் கடிகாரங்களைக் கையால் மறைத்துப் பார்த்தோம். அப்போதுதான் வெளி புலப்பட்டது.

தொடுவானம் படத்தின் மேற்பகுதியில் அமைந்துள்ளது. அதனால் தரை நீண்டு விரிகிறது. பட்ட மரமும் அதனைத் தாங்கும் மேடையும் இடப்புறம் நெருங்கி நிற்க, வலப்புறத்தில் பெரும்பகுதி வெறுமையாகவே விடப்பட்டுள்ளது. முன்புறம் நிழல் படர்ந்துள்ளது. ஒளியோ தொலைவிலுள்ள கடற்பாறைகள் மீது விழுகிறது. கண் இருளைக் கடந்தே ஒளியை அடைய வேண்டும். அந்த நடைதான் தொலைவாகிறது. மேலும், தொலைவிலுள்ள பாறை மங்கவில்லை; அருகிலுள்ள எறும்பைப் போலவே கூர்மையாகத் தெரிகிறது. கனவில் தொலைவு அவ்வாறே தெரியும் போலும்.

அப்பாறைகள் கற்பனையல்ல, டாலி வாழ்ந்த கட்டலோனியக் கடற்கரையின் கிரெயுஸ் முனையைச் சார்ந்தவை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என இணைத்துரைக்கும் தொல்காப்பியத்தைப் பயிற்றுவிக்கும் நமக்கு இவ்விடத்தில் ஓர் அதிர்ச்சி. இங்கே பொழுது குழைந்து வழிகிறது. நிலமோ இம்மியும் அசையவில்லை. கடிகாரங்கள் மென்மையாகத் தோன்றுவதற்கே அந்தக் கடும்பாறை வேண்டியிருக்கிறது.

ஓவியம் 1934 முதல் நியூயார்க் நவீனக்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. நாம் நேரில் கண்டதில்லை. வினவிய மாணவரும் அதற்குள் தேர்வெழுதிக் கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டார். இம்மலர் அவர் கைக்கு எட்டுமாயின், நாம் அன்று தர இயலாத விடையை இங்கே காண்பாராக.