கப்படி மாற்றல்: மன்னார்க் கரையின் வீடுகளும் அவற்றின் அத்திவாரமும்

மன்னார்த் தீவில் ஒரு வீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் கூரையோ சுவரோ அன்று, அது மண்ணைத் தொடும் அடிப்பகுதியே ஆகும். ஏறத்தாழ 26 கிலோமீற்றர் நீளமுள்ள இத்தாழ்ந்த மணற்றீவில் சில அடி தோண்டினாலே நீர் ஊறுகிறது. பல இடங்களில் அந்நீர் உவர்ப்பானது. வெயிற்காலத்தில் நிலத்தின் ஈரம் மேலேறி உலரும்போது, அதனோடு வந்த உப்பு சுவரின் அடிவரியிலும் தூணின் அடியிலும் பூத்து, சாந்தை உதிர்த்து மரத்தை நைந்துபோகச் செய்கிறது. அடி முதலில் அழியும், முகடு கடைசியில் அழியும் என்பதை நன்கறிந்தவர்களே இக்கரையின் பழைய வீடுகளைக் கட்டினர் என்பது அவற்றைப் பிரித்துப் பார்க்கும்போது தெளிவாகிறது.

இவ்வீடுகளின் எலும்பு பனையாகும். முதிர்ந்த பனையின் புறப்பகுதி கருமை பாய்ந்து வைரமாக இறுகியிருக்க, சோறு எனப்படும் நடுப்பகுதி மென்மையாகவே இருப்பதால், சோற்றை நீக்கி வைரத்தை மட்டும் நீளவாக்கில் பிளந்து எடுப்பர். அவ்வாறு எடுத்த சட்டமே சலாகை. நிலத்தில் ஊன்றும் தூண் கப்பு என்றும், முகட்டில் கிடக்கும் நெடுமரம் வளை என்றும் வழங்கும். கூரைக்குக் கிடுகு, அதாவது முடைந்த தென்னோலை, அல்லது பனையோலை வேயப்பட்டது. இவை பெரும்பாலும் கயிற்றுக் கட்டினாலும் மர ஆப்பினாலும் பிணைக்கப்பட்டமையால், கட்டை அவிழ்த்து வளையையும் சலாகையையும் வேறோர் இடத்துக்குச் சுமந்து சென்று மீண்டும் நிறுத்துதல் இயல்பாயிற்று. காற்று மாறும்போது கரை மாறும் மீனவரின் வாடி, அதாவது பருவகாலக் குடில், இம்முறையின் மிக எளிய வடிவமே. சிலி நாட்டின் சிலோயே தீவில் ஊரார் கூடி மாடுகளைப் பூட்டி முழு மரவீட்டையே இழுத்துச் செல்லும் வழக்கமும், அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கட்டைக்கால்கள் மேல் நிற்கும் வீட்டின் உளுத்த கால்களை மட்டும் மாற்றும் தொழிலும் இதற்கு உறவானவை.

கப்படி மாற்றும் வேலை, பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றினும், மிகுந்த நிதானத்தை வேண்டுவது. ஓடாவியார், அதாவது தச்சர், முதலில் கப்பைச் சுற்றி மணலை அகற்றி, கோடரியின் பின்புறத்தால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டு வருவார். உளுத்த இடத்தில் ஓசை அமுங்கி ஒலிக்கும், வைரம் நிற்கும் இடத்தில் கணீரென்று எழும், அந்த எல்லையில் கரியால் கோடு விழும். பின்னர் அருகில் கவர்த்தடி ஒன்றை முட்டுக் கொடுத்து, அதன் அடியில் இருபுறமும் ஆப்பைச் சிறிது சிறிதாக அடித்து, கூரைப் பாரம் கப்பிலிருந்து முட்டுக்கு மாறும்வரை உயர்த்துவார். விரற்கடை அளவுக்கு மேல் உயர்த்தினால் அயற்கப்புகளின் கட்டு இளகிவிடும். கோட்டில் அறுத்து உளுத்த துண்டை எடுத்தபின், குழியில் கல்லையோ கொங்கிறீற்றுக் கட்டையையோ இருத்தி, நல்ல மரத்தின் வெட்டுமுகத்தை நிலமட்டத்துக்கு மேலே அதன்மீது அமர்த்துவர். மரம் இனி மண்ணைத் தொடாது என்பதே இவ்வேலையின் முழுப் பயன்.

கல்வீட்டில் இதே வேலை மேசனின் கைக்கு வருகிறது. சுவரடியை ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் அமர்ந்துவிடுமாதலால், மூன்று நான்கு அடி நீளத் துண்டுகளாக, ஒன்றை விட்டு ஒன்றாகத் தோண்டிப் புதுக்கல் இட்டு, அது இறுகிய பின்னரே விடுபட்ட துண்டுகளைத் திறக்கின்றனர். பழைய சுவர்கள் முருகைக்கல்லைச் சுட்டெடுத்த சுண்ணாம்பினால் பூசப்பட்டவை. அந்தப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். இன்று அதன்மேல் சீமெந்து பூசுவது வீட்டுக்குச் செய்யும் தீங்கென்றே கருத வேண்டும், ஏனெனில் அடைபட்ட ஈரம் மேலும் உயர ஏறிச் சுவரை உள்ளிருந்தே தின்கிறது. கரையோர முருகைக்கல் அகழ்வதற்கு 1988ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் விதித்த தடை கடலின் பொருட்டு மிகவும் வேண்டியதே. ஆயினும் சுண்ணாம்பு வேலையில் பழகிய கைகள் அருகிவருவது கவலைக்குரியது.

அத்திவாரத்தின் வலிமை பற்றிய கடுமையான பாடம் தீவுக்குத் தெற்கே அரிப்பில் நிற்கிறது. பிரித்தானிய ஆளுநர் பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யும் பொருட்டு 1801க்கும் 1804க்கும் இடையில் அங்கே கட்டிய டோரிக் மாளிகை, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்ததாயினும், கடல் கரைமேட்டைக் குடைந்து செல்லச் செல்லப் பகுதி பகுதியாக இடிந்து வீழ்ந்துகொண்டிருக்கிறது. அதே கரையில் இன்னும் தெற்கே மறிச்சுக்கட்டியில், முத்துக்குளிப்புப் பருவத்தில் பல்லாயிரம் பேர் தங்கும் நகரமொன்று கம்பும் கிடுகும் கொண்டு தெருக்களோடும் கடைகளோடும் எழுந்தது. 1906இல் பின்னாளில் எழுத்தாளரான லெனாட் வூல்ப் அங்கே அரச அலுவலராகப் பணியாற்றினார். பருவம் முடிந்ததும் அந்நகரம் கலைந்து மறைந்தது. கடல் நெருங்கினால் விலகிச் செல்லக்கூடிய வீடு எது என்பதை இவ்விரண்டையும் ஒருசேர எண்ணும்போது உணரலாம்.

1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் மக்களாற் கையிற் கொண்டுசெல்ல முடிந்தது மிகச் சிறிதளவே. உள்நாட்டுப் போரினால் தமிழ்க் குடும்பங்களும் மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்தன. பல ஆண்டுகள் கழிந்து திரும்பியோரிற் பலர் கண்டது பழைய ஒழுங்கின் தலைகீழ் நிலை: பெயரக்கூடிய கூரையும் மரமும் போய்விட, புதருக்குள் அத்திவாரம் மட்டும் கிடந்தது, இது எம் வளவு என்று காட்ட அதுவே எஞ்சியிருந்தது. பின்னர் வந்த இந்திய வீடமைப்புத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாவை உதவியாக வழங்க, மன்னார் மாவட்டத்திலும் சீமெந்துக் கல் வீடுகள் எழுந்தன. இவ்வீடுகளை அவிழ்த்துச் செல்ல இயலாது. உப்பு மணல் கலந்த கொங்கிறீற்றுக்குள் கம்பி துருப்பிடித்தால் அறுத்து மாற்றவும் எளிதில் இயலாது. அத்தகைய வீடுகளின் பின்வளவில், தப்பிய பழைய வளையையும் சலாகைகளையும் கொண்டு எழுப்பிய குசினிக் கொட்டிலில், கொங்கிறீற்றுக் கட்டைமேல் ஏற்றி நிறுத்திய பனங்கப்புகள் பாரம் தாங்கி நிற்கின்றன. அவற்றின் அடியில் அறுத்த வைரத்தின் கருமுகத்தை விரலால் தொட்டறியலாம்.