கட்டையில் படிந்த கருமை

எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்றால் மாணவர்கள் நம்புவதில்லை. தமிழாசிரியருக்கும் 12 போர் ஒற்றைக்குழலுக்கும் என்ன உறவு! தாத்தா வாங்கியது. களம்பூரை ஒட்டிய மல்லாட்டைக் கொல்லையில் பன்றிக் காவலுக்கு அப்பா அதைத்தான் கொண்டுபோவார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அவர் சுட்டதெல்லாம் வானத்தை மட்டுமே. குறிஞ்சிப்பாட்டில் தழலும் தட்டையும் குளிரும் செய்த அதே வேலை. அவருக்கு எழுபது கடந்ததும் உரிமம் என் பெயருக்கு வந்தது.

2024 மக்களவைத் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து மீட்டு வந்த அன்றுதான் அதன் மரக்கட்டையைப் பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. நானே புதுப்பிப்பது என்று முடிவு செய்தேன்.

தோட்டா இல்லை என்பதை இருமுறை பார்த்து, குழலைக் கழற்றித் தனியே வைத்தேன். பழைய வார்னிஷை இளக்கி வழித்தெடுத்தேன். பள்ளம் விழுந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியால் ஒற்றினால், ஆவி புகுந்து அழுந்திய நார் உப்பி எழுகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே ஒரு சுகம். பிறகு உப்புத்தாள், மரத்தின் ரேகைப் போக்கிலேயே. கைப்பிடியில் வெட்டியிருக்கும் சதுரக் கோடுகளின் மேல் மட்டும் தாள் படக்கூடாது. பழைய பல்துலக்கி போதும்.

கட்டையின் இடப்புறம், மேல்விளிம்பை ஒட்டி உள்ளங்கையளவு கருமை இருந்தது. வியர்வையும் எண்ணெயும் ஊறிய அழுக்கு என்று தீர்மானித்தேன். பழைய பாடத்தைத் திருத்தப் புகும் பதிப்பாசிரியரின் மிடுக்கு எனக்கும் வந்துவிட்டிருக்க வேண்டும். தேய்க்கத் தொடங்கினேன்.

பட்டு நெய்யும் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "தறியில எங்க வயித்துல இடிக்கிற மரமும் இப்படித்தான் சார் கறுத்துக் கெடக்கும். நாங்க தேய்க்கமாட்டோம். தேய்ச்சா சொரசொரப்பாயி இழை சிக்கும்" என்றார். அவர் சொன்னது பட்டைப் பற்றி. அதற்குள் பாதி போய்விட்டிருந்தது. ஒரே நிறமாக இருக்கட்டும் என்று மீதியையும் தேய்த்தேன்.

லின்சீடு ஆயில் ஐந்து பூச்சு. ஒவ்வொன்றும் காய நாள்கணக்காயிற்று. (எண்ணெய்த் துணியைச் சுருட்டி எறியாதீர்கள். காயும்போது சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். விரித்துப் போட வேண்டும்.) மரத்தின் ரேகைகள் மெல்ல எழுந்துவந்தன.

இணைத்து முடித்து அப்பாவிடம் கொடுத்தேன். பார்வை மங்கிவிட்டது அவருக்கு. தோளில் பொருத்திக் கன்னத்தைச் சாய்த்தார். சாய்த்த கன்னத்தைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தினார்.

"கட்டைய மாத்திட்டியாப்பா?"

"இல்லப்பா, அதேதான்."

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொல்லைக்குத் தண்ணீர் பாய்ச்சியாயிற்றா என்று கேட்டார்.