அம்மாவின் போனில் யாருடைய எண்?

மிளகாய்ச் செடியில் ‘இலை சுருண்டுபோச்சு’ என்று ஒருவர் போனில் சொன்னால், அதை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சரியான மருந்தைச் சொல்ல முடியாது. இலைப்பேன் தாக்கினால் இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளும். முரணைச் சிலந்தி தாக்கினால் கீழ்நோக்கிச் சுருளும், இலைக்காம்பும் நீண்டுவிடும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோயிலும் இலை சுருண்டு சிறுத்துப்போகும். மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. இலைப்பேனுக்கு அடிக்கும் மருந்து சிலந்தியைக் கட்டுப்படுத்தாமல் போகலாம். சில மருந்துகள் சிலந்தியை இன்னும் பெருகச் செய்துவிடும். நேரில் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிகிற விஷயம், காதால் கேட்டால் அரை மணி நேரமானாலும் பிடிபடாது.

செல்போனில் இன்டர்நெட் வழியாகப் பேசும் வசதி விவசாயிக்கு உதவுவது இந்த இடத்தில்தான். வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு 2015-லும், வீடியோ அழைப்பு 2016-லும் வந்தன. இன்று அந்தச் செயலி இல்லாத ஊர் இல்லை. ஆனால், ‘வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது’ என்பதும், ‘வயலில் நிற்பவர் அதில் பேச முடிகிறது’ என்பதும் ஒன்றல்ல. ராமநாதபுரம் மாவட்டத்தில் முண்டு மிளகாய் போட்டிருந்த ஒரு பெண் விவசாயிக்கு இந்த வித்தியாசம் புரிவதற்குள், ஒரு மருந்தடிப்புக்கான செலவு வீணாகியிருந்தது.

இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம். கணவருக்கு துபாயில் வேலை. ஊருக்கு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. விதைப்பு, களை, மருந்து, பறிப்பு எல்லாவற்றையும் அந்த அம்மாதான் பார்த்தார். வீட்டில் இருந்த ஒரே ஸ்மார்ட்போன் மகன் கையில். அப்பா கூப்பிட்டால் மகன் பேசுவான். பிறகு ‘அப்பா இப்படிச் சொன்னாரு’ என்று அம்மாவிடம் சொல்வான். உரம் வாங்குவதா, ஆள் விடுவதா, காயை இப்போதே விற்பதா என்பதெல்லாம் இப்படித்தான் முடிவாகும். அந்த அம்மாவிடம் இருந்தது பட்டன் போன்.

மகன் மதுரைக்குக் கல்லூரிக்குப் போனபோது புது போன் வாங்கிக்கொண்டு, பழைய ஸ்மார்ட்போனை அம்மாவுக்கு விட்டுப்போனான். அதில் வாட்ஸ்அப் ஏற்கெனவே இருந்ததால், வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை. ஆனால், அந்த வாட்ஸ்அப் மகனின் எண்ணில் பதிவானது. விடுதிக்குப் போய்ப் புது போனில் அதே எண்ணைப் போட்டு வாட்ஸ்அப்பைத் தொடங்கியதும், பழைய போனில் அது தானாக வெளியேறிவிட்டது. ‘போன் கெட்டுப்போச்சு’ என்று நினைத்து, அந்த அம்மா அதை அலமாரியில் வைத்துவிட்டார்.

தை மாதம், செடி காய் பிடிக்கும் நேரத்தில் இலை சுருள ஆரம்பித்தது. பட்டன் போனில் மருந்துக் கடைக்குப் பேசினார். கடைக்காரர் இலைப்பேன் என்று முடிவு செய்து மருந்து கொடுத்தார். இரண்டு ஏக்கருக்கும் அடித்தார்கள். பத்து நாளாகியும் புதுக் கொழுந்து அப்படியேதான் சுருண்டு வந்தது. மருந்துக்கும் அடித்த ஆளுக்கும் கொடுத்த பணம் திரும்பவில்லை. அதைவிட, அந்தப் பத்து நாளும் திரும்பவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண் மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுபவர். அலமாரியில் கிடந்த போனை எடுத்துப் பார்த்தவர், ‘அத்தை, போன் நல்லாத்தான் இருக்கு. இதுல உங்க நம்பரே இல்ல, அதான்’ என்றார்.

பட்டன் போனில் இருந்த சிம்மை ஸ்மார்ட்போனுக்கு மாற்றலாம் என்று பார்த்தால், சிறிய சிம் வேண்டியிருந்தது. கடைக்குப் போனபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. அந்த சிம் கணவர் பெயரில் இருந்தது. மாற்று சிம் வாங்க, பெயருக்கு உரியவரே நேரில் வர வேண்டும். அவரோ துபாயில். கடைசியில் அந்த அம்மா தன் ஆதாரைக் கொடுத்துத் தன் பெயரிலேயே ஒரு புது சிம் வாங்கினார். அவர் பெயரில் வாங்கிய முதல் எண் அதுதான்.

அமைப்பது எப்படி?

அந்தப் பெண் செய்துகொடுத்ததை எந்த வீட்டிலும் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம்.

முதலில், செயலியை ப்ளே ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்க வேண்டும். யாரோ அனுப்பும் இணைப்பைத் தொட்டு இறக்கக் கூடாது. செயலியைத் திறந்து, நாடு இந்தியா என்று தேர்ந்தெடுத்து, தன் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண்ணுக்கு ஆறு இலக்க ரகசியக் குறியீடு வரும். அந்த சிம் எந்த போனில் இருக்கிறதோ அந்த போனுக்குத்தான் குறியீடு வரும் என்பதால், சிம் கையிலேயே இருக்க வேண்டும்.

அடுத்து, மைக், கேமரா, தொடர்பு எண்கள், அறிவிப்புகள் ஆகியவற்றுக்கு அனுமதி கேட்கும். பயந்துகொண்டு ‘வேண்டாம்’ என்று அழுத்திவிட்டால், மைக் இல்லாமல் நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. கேமரா இல்லாமல் நம் படம் தெரியாது. பலர் ‘கால் போகுது, ஆனா பேச்சு கேக்கல’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். போனின் செட்டிங்ஸில் அந்தச் செயலியைத் தேடி, அனுமதியைப் பிறகும் கொடுக்கலாம்.

மூன்றாவது, பேட்டரி. பல போன்கள் சார்ஜை மிச்சம் பிடிக்க, திறக்காத செயலிகளைத் தூங்க வைத்துவிடும். அப்போது யார் கூப்பிட்டாலும் மணி அடிக்காது. போனைத் திறந்த பிறகுதான் ‘மிஸ்டு கால்’ என்று காட்டும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய், வாட்ஸ்அப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டால் இது சரியாகும்.

நான்காவது, பூட்டு. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் அக்கவுன்ட் என்ற இடத்தில் ‘டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்’ இருக்கிறது. அதில் ஆறு இலக்க எண் ஒன்றை நாமே வைத்துக்கொள்ளலாம். குறியீட்டை யாராவது ஏமாற்றி வாங்கிவிட்டாலும், இந்த எண் தெரியாமல் நம் கணக்கைத் திறக்க முடியாது.

கடைசியாக, வீட்டுக்குள்ளேயே இன்னொரு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்த அம்மாவை, பச்சைப் பொத்தானை மேலே தள்ளி எடுப்பதை ஐந்தாறு முறை செய்ய வைத்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுப் பெண் கிளம்பினார். செயலியைப் பதிவு செய்து கொடுப்பதைவிட, இந்தப் பழக்கிவிடும் வேலைதான் முக்கியம்.

இலையைக் காட்டும் விதம்

மறுநாள் காலை உதவித் தோட்டக்கலை அலுவலருக்கு வீடியோ கால் போட்டார்கள். முதலில் அந்த அம்மாவின் முகம்தான் தெரிந்தது. கேமராவைத் திருப்பும் பொத்தானை அழுத்திய பிறகு செடி தெரிந்தது. ‘அம்மா, கொழுந்து இலையை மட்டும் கிட்டக் காட்டுங்க. அப்படியே கவுத்து அடிப்பக்கத்தைக் காட்டுங்க’ என்றார் அலுவலர். ‘கவுத்த வள்ளம் மாதிரி கீழ வளைஞ்சிருக்கு சார்’ என்று அந்த அம்மாவே சொல்லிவிட்டார். காம்பும் நீண்டிருந்தது. முரணைச் சிலந்தி. அதற்குரிய மருந்தையும் அளவையும் அலுவலர் சொல்ல, அதன்படி அடித்த பிறகு வந்த கொழுந்து விரிந்து வந்தது. முன்பே சுருண்ட இலைகள் திரும்பவில்லை. முதல் பறிப்பு குறைந்ததுதான். அடுத்தடுத்த பறிப்புகள் தப்பித்தன.

வீடியோவில் பயிரைக் காட்டும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கேமராக் கண்ணாடியை முந்தானையில் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். சூரியன் நமக்குப் பின்னால் இருக்கட்டும். முதலில் முழுச் செடி, பிறகு கொழுந்து, பிறகு இலையின் அடிப்பக்கம் என்ற வரிசையில், ஒவ்வொன்றையும் அசையாமல் காட்டுங்கள். வயலில் சிக்னல் போதவில்லை என்றால் வீடியோவை விட்டுவிட்டு, நான்கு புகைப்படங்களை அனுப்பிவிட்டுக் குரல் அழைப்பில் பேசுங்கள். குரல் அழைப்புக்கு நிமிடத்துக்குச் சுமார் ஒரு எம்பிக்குள்தான் டேட்டா செலவாகும். வீடியோவுக்குப் பல மடங்கு ஆகும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில், அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா பயன்படுத்தும் வசதி இருக்கிறது. அதை இயக்கி வைத்தால் டேட்டா மிச்சமாகும்.

வெளிநாட்டில் இருப்பவரோடு பேச

கணவரோடு பேசுவதில் வேறு தடை இருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தியும் குரல் பதிவும் போகும். ஆனால் வாட்ஸ்அப் அழைப்புக்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த அரசு அனுமதித்திருக்கும் போட்டிம் போன்ற செயலிகளில்தான் இன்டர்நெட் வழியாகப் பேச முடியும். இரண்டு பக்கமும் அதே செயலி இருக்க வேண்டும். தடையைத் தாண்ட விபிஎன் போட்டுக்கொள்வது அங்கே வேலை செய்பவரைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடலாம். எண்ணைச் சேமிக்கும்போது கூட்டல் குறி, 971, அதன் பிறகு முன்னால் வரும் பூஜ்யத்தை விட்டுவிட்டு மற்ற எண்கள் என்று சேமிக்க வேண்டும்.

போட்டிமில் அந்த அம்மா முதன்முதலாக வயலிலிருந்து கணவரைக் கூப்பிட்டபோது, அவர் வெகுநேரம் ஒன்றும் பேசாமல் செடிகளையே பார்த்தார். மூன்று வருடம் அவர் காதால் கேட்ட வயல் அது. பிறகு, ‘எத்தனை பறிப்பு வரும்னு நினைக்கிற?’ என்று கேட்டார். அதுவரை அந்தக் கேள்வி மகன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பதிலும் மகன் வழியாகத்தான் போனது. இப்போது வயலில் நிற்பவரிடம் நேராகக் கேட்கப்பட்டது. அந்த வருடக் காயை உடனே விற்காமல், காயவைத்து மூட்டை பிடித்துச் சில வாரம் வைத்திருக்கலாம் என்று சொன்னது அந்த அம்மாதான். கணவர் சரி என்றார்.

வைஃபை காலிங் என்பது வேறு

வீட்டுக்குள் டவர் கிடைக்காமல், ஆனால் ஃபைபர் இணைப்பு இருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அதன் பெயர் வைஃபை காலிங். இதற்குத் தனிச் செயலி வேண்டாம். போனின் செட்டிங்ஸில் சிம் அல்லது மொபைல் நெட்வொர்க் பகுதியில் இதை இயக்கிவிட்டால், நம் வழக்கமான எண்ணுக்கு வரும் அழைப்பே வைஃபை வழியாக வரும். எதிர்முனையில் இருப்பவரிடம் இன்டர்நெட்கூட வேண்டியதில்லை; பட்டன் போனாக இருந்தாலும் பேசலாம். நம் போனும் சிம் நிறுவனமும் இந்த வசதியைத் தர வேண்டும், அவ்வளவுதான்.

எச்சரிக்கை

பாம்புக்கடி, விபத்து போன்ற அவசரத்துக்கு வாட்ஸ்அப்பை நம்பக் கூடாது. 108, 112 ஆகிய எண்களைச் சாதாரண அழைப்பில்தான் கூப்பிட வேண்டும். பயிர் சந்தேகங்களுக்கு, பட்டன் போனிலிருந்தும் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணுக்குக் கட்டணமில்லாமல் பேசலாம்.

ஆறு இலக்கக் குறியீட்டை எந்த அதிகாரியும் கேட்க மாட்டார். போலீஸ் உடையில் வீடியோவில் வந்து, ‘டிஜிட்டல் அரெஸ்ட், லைனை வைக்காதே’ என்று மிரட்டினால் உடனே துண்டித்துவிடுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே திரையைப் பகிரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் பேசுங்கள். தெரியாத எண்களின் அழைப்பு மணி அடிக்காமல் இருக்க, வாட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில் வசதி உண்டு. அதை இயக்கும் முன், அலுவலர், கால்நடை மருத்துவர், வியாபாரி எண்களைச் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர்கள் கூப்பிடுவதும் கேட்காது.

இன்னொன்று, ரீசார்ஜ் செய்யாமல் நீண்ட நாள் விட்ட எண் செயலிழந்து, பிறகு வேறொருவருக்குப் போய்விடலாம். வாட்ஸ்அப், வங்கி, ஆதார் மூன்றும் அந்த எண்ணை நம்பியிருப்பதால், எண்ணை உயிரோடு வைத்திருப்பதும் கிணற்று மோட்டாரைப் பராமரிப்பதைப் போன்ற ஒரு வேலைதான்.

வீட்டில் போன் வாங்கும்போது பெரும்பாலும் நன்றாகப் படித்த பிள்ளையின் எண்ணில்தான் எல்லாவற்றையும் பதிகிறோம். அவனுக்குத்தான் தெரியும் என்று ஒரு சமாதானம். ஆனால் அவன் ஊரில் இருக்கப்போவதில்லை. பூச்சியை முதலில் பார்ப்பவர், மாடு தீவனம் எடுக்காததை முதலில் கவனிப்பவர், வியாபாரியிடம் விலை பேசுபவர் யாரோ, அவர் பெயரில் ஒரு சிம்மும் அவர் எண்ணில் ஒரு கணக்கும் இருக்க வேண்டும். பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ பிள்ளைகள் ஊருக்கு வரும்போது, அவர்கள் திரும்பிப் போகும் முன் இந்தப் பத்து நிமிட வேலையை முடித்துவிடுங்கள். பதிந்து கொடுத்தால் மட்டும் போதாது. பொத்தானை நாமே அழுத்தி, நாமே பேசிப் பார்க்கும் வரை அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.