நைட் ஷிப்டும் தலைக்குள் ஓடும் கடிகாரமும்

ஓசூர் சிப்காட்டில் கைக்கடிகாரம் செய்கிறார்கள். டைட்டன் தொழிற்சாலை 1980களிலிருந்தே அங்கே இருக்கிறது. அதே ஊரில் நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வீடு திரும்புகிறவர் தலைக்குள் இன்னொரு கடிகாரம் ஓடுகிறது. அதற்கு ஷிப்ட் அட்டவணை எல்லாம் தெரியாது!

அது இருப்பது ஹைப்போதலாமஸில். கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்துத்தான் அது பகலா இரவா என்று முடிவு செய்கிறது. விடியும் நேரத்தில் ஹைப்போதலாமஸிலிருந்து சிஆர்எச் கிளம்பி, பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரிக்குப் போகும். பிட்யூட்டரி ஏசிடிஎச்சை ரத்தத்தில் விடும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் உடனே கார்டிசாலைச் சுரக்கும். அளவு ஏறியதும் கார்டிசாலே மேலே போய் 'போதும்' என்று இருவரையும் அடக்கும். (பிராஞ்ச் சொல்லி ஹெட் ஆபீஸ் கேட்பது இங்கே மட்டும்தான்!)

கார்டிசால் உச்சத்தில் இருப்பது காலையில். அவர் பாயை விரிப்பதும் அப்போதுதான். பஸ் ஜன்னல் வழியே அடித்த வெயில் வேறு 'பகல் வந்தாச்சு' என்று சொல்லிவிட்டது. பிறகெப்படித் தூக்கம் வரும்? "பகலெல்லாம் சும்மா புரண்டுகிட்டு கிடக்கிறான்" என்று வீட்டில் திட்டுகிறார்கள். பாவம், அது சோம்பல் இல்லை. உடம்பு பழகுவதற்குள் அடுத்த வாரம் ஷிப்டும் மாறிவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007லும், மறுபடி 2019லும் இரவுப் பணியை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்' பிரிவில் வைத்தது. நைட் அலவன்ஸ் கணக்கில் இதற்கு ஒரு காலம் கிடையாது. இப்போதைக்கு அவர் கையில் இருப்பது, ஜன்னலுக்கு ஒரு கெட்டித் துணி.