குடிலுக்குச் சுரூபம் வார்ப்போம்

கிறிஸ்து பிறப்புக் குடிலை அழகுற அமைக்க விரும்பாத கத்தோலிக்கக் குடும்பம் இல்லை. ஆயினும் சுரூபங்களின் விலை பல இல்லங்களில் அவ்விருப்பத்திற்கு அணை போட்டுவிடுகிறது. எங்கள் இல்லத்தில் பல ஆண்டுகளாக நாங்களே சுரூபங்களை வார்த்து வருகிறோம். வீட்டுத் தேவை போக, ஆண்டுதோறும் ஒரு தொகுதியைக் கிளைக் கிராமத்துச் சிற்றாலயம் ஒன்றிற்கு அளிப்பது வழக்கம். அந்த ஆலயத்திற்கு வேறு சுரூபங்கள் இல்லை. ஆகவே, விழா இரவில் கை உடைந்த சூசையப்பர் அங்கே நிற்கலாகாது என்ற கவலையோடுதான் ஒவ்வோர் ஆண்டும் வேலையைத் தொடங்குகிறோம்.

முதலில் சாந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சுமார் 150 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வறுத்து, அதில் அடங்கிய நீரின் முக்கால் பகுதியை நீக்கிய மாவு. பாரிஸ் நகரின் மோன்மார்த்ர் குன்றில் ஜிப்சம் மிகுதியாகக் கிடைத்ததால் இப்பெயர் வந்தது. இழந்த நீரை மீண்டும் பெறும்போது மாவு கல்லாகிறது. ஆடு, மாடு, இடையர் போன்ற தடித்த உருவங்களுக்கு இதுவே போதும். பாலனின் விரல்கள், இடையனின் கோல் போன்ற மெல்லிய உறுப்புகளுக்குப் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் டென்டல் ஸ்டோன் ஏற்றது. இது நீராவி அழுத்தத்தில் பக்குவப்படுத்தப்பட்டது; விலை கூடுதலாயினும் உறுதி மிக்கது.

மழைக்காலக் காற்றின் ஈரம் பட்ட மாவு சரியாக இறுகாது. வாங்கியவுடன் ஒரு கரண்டி மாவைக் குழைத்துத் தகர மூடியில் வைத்துப் பாருங்கள். அரை மணி நேரமாகியும் நகத்தால் கீறினால் குழைவாக இருக்குமாயின், அதனை ஒதுக்கிவிடுதல் நலம்.

அச்சுக்கு ரப்பர் பாலே சிறந்தது. மூலச் சுரூபத்தின் மீது தூரிகையால் ஒரு பூச்சு பூசி, காய்ந்தபின் அடுத்ததைப் பூச வேண்டும். எட்டு அல்லது பத்துப் பூச்சுகள் தேவைப்படும். எண்ணெயும் செம்பும் ரப்பருக்குப் பகை, அவை அண்டலாகாது. காய்ந்த அச்சின் வெளிப்புறத்தில் சோப்பு நீர் தடவினால், காலுறையைக் கழற்றுவது போல உருட்டிக் கழற்றிவிடலாம்.

கலவையில்தான் வெற்றி தோல்வி அடங்கியுள்ளது. மாவில் நீரை ஊற்றலாகாது. நீரில்தான் மாவைத் தூவ வேண்டும். எடையில் 10 பங்கு மாவுக்கு 6 முதல் 7 பங்கு நீர். டென்டல் ஸ்டோனுக்கோ 3 பங்கே போதும். இறுகுவதற்கு உண்மையில் வேண்டிய நீர் 2 பங்கிற்கும் குறைவு. எஞ்சியது காய்ந்து வெளியேறி நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. நீர் மிகுந்தால் சுரூபம் வலுவிழப்பது இதனாலேயே. தூவிய மாவை இரண்டு நிமிடம் ஊறவிட்டு, குமிழி எழாதவாறு மெல்லக் கலக்க வேண்டும். ஊற்றியபின் அச்சை இலேசாகத் தட்டினால் உள்ளே சிக்கிய காற்று மேலெழும். உப்பு சேர்த்தால் சாந்து விரைந்து இறுகும். சில துளி காடி சேர்த்தால் தாமதிக்கும். பழைய சாந்து ஒட்டிய பாத்திரமும் இறுகலை விரைவுபடுத்தும். எனவே ஒவ்வொரு முறையும் கழுவிய பாத்திரமே வேண்டும்.

இவ்வேலையை எங்களுக்குக் கற்பித்தவர் எங்கள் தந்தையார். பக்கவாதத்திற்குப் பின் அவரது வலக்கை தூரிகை பிடிப்பதில்லை. ஆயினும் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிடங்களை எண்ணிச் சொல்பவர் அவரே. "போதும், ஊற்றுங்கள்" என்று அவர் கூறாமல் எவரும் ஊற்றுவதில்லை. பேரப்பிள்ளைகள் பொறுமை கற்பது அவருடைய அந்தச் சொல்லுக்குக் காத்திருக்கும்போதுதான்.

பெற்றோர் கட்டாயம் அறிய வேண்டியது ஒன்றுண்டு. இறுகும் சாந்து சூடேறும். திரளாக இருப்பின் 60 பாகை அளவிற்கும் எட்டக்கூடும். 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பள்ளி மாணவி ஒருத்தி தன் கைகளைச் சாந்து வாளியில் அமிழ்த்தி, அது இறுகிச் சுட்டதால் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். பிள்ளைகள் தங்கள் கையை அச்செடுக்க ஒருபோதும் இடந்தரலாகாது. மாவைக் கொட்டும்போது மூக்கைத் துணியால் மூடிக்கொள்க. எஞ்சிய சாந்தைக் கழிநீர்க் குழாயில் ஊற்றினால் அது அங்கேயே கல்லாகிக் குழாயை அடைத்துவிடும்.

இறுதியாக, உலர்த்துதல். திருவருகைக் காலம் நம் நாட்டில் வடகிழக்குப் பருவமழையின் காலம். டிசம்பரில் வார்ப்பது எளிதில் உலராது. எனவே நாங்கள் செப்டம்பரிலேயே தொடங்கிவிடுகிறோம். சுரூபத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும்: குளிர்ந்திருந்தால் உள்ளே இன்னும் ஈரம் உண்டு. ஈரத்தின் மீது தீட்டிய வண்ணம் உரியும். அவசரப்பட்டு அடுப்பருகே வைத்தால் சாந்து மீண்டும் நீரிழந்து பொடியும்.

சாந்தும் ரப்பர் பாலும் கடையில் கிடைக்கும். மாலை வேளைகளில் பாட்டனாரும் பிள்ளைகளும் ஒரே மேசையைச் சுற்றி அமர்வதை எந்தக் கடையும் விற்பதில்லை. இவ்வாண்டு ஓர் ஆட்டுக்குட்டியோடு தொடங்கிப் பாருங்கள்.