சாமி இல்லாத சர்வகலாசாலை

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தோம். வாசலில், "ஸார்!" என்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், நம்மிடம் முன்பு படித்த ஒரு பெண்ணின் தாயார் நின்றுகொண்டிருந்தார். தருமபுரிக்குச் சற்றுத் தொலைவில், மாந்தோப்புக்களுக்கும் கேழ்வரகுக் கொல்லைகளுக்கும் நடுவே உள்ள ஒரு கிறிஸ்தவக் கிராமத்தைச் சேர்ந்தவர். புருஷனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை. இந்த அம்மாள் களை எடுத்தும் தக்காளி பறித்தும் தம் ஒரே பெண்ணைப் பி.எஸ்ஸி. வரையில் படிக்க வைத்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு இப்போது சேலம் பெரியார் பல்கலைக் கழகத்தில் எம்.எஸ்ஸி. கணிதத்துக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும்.

நாம் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தோம். அந்த அம்மாள் வந்தது வாழ்த்துப் பெறுவதற்கல்ல, நம்மிடம் ஜாமீன் கேட்பதற்கு என்று உடனே தெரிந்துவிட்டது.

"அது சாமி இல்லைன்னு சொன்னவர் பேருல இருக்கிற இடமாமே, ஸார்? அங்கே பிள்ளையைத் தனியா விட்டா, ஞாயித்துக்கிழமை பூசைக்கு யார் எழுப்பி அனுப்புவாங்க? போன மாதிரியே பிள்ளை திரும்பி வரும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் அனுப்பிடறேன்."

நமக்கு இலேசாகச் சிரிப்பு வந்தது. தருமபுரியில் படித்து அந்தப் பெண் வாங்கிய பி.எஸ்ஸி. பட்டமும் அதே பல்கலைக் கழகம் கொடுத்ததுதான் என்பதையும், அந்தக் காகிதத்திலும் அதே பெரியாருடைய பெயர்தான் அச்சாகியிருக்கிறது என்பதையும் எடுத்துச் சொன்னோம். தர்க்கத்தில் ஜயித்துவிட்டதாகவே நினைத்தோம். அந்த அம்மாள் ஒரு கணங்கூடத் தயங்கவில்லை.

"அப்போ ராத்திரிக்கு வீட்டுக்கு வந்துச்சு, ஸார்" என்றார்.

இதற்கு நம்மிடம் பதில் இல்லை. மூன்று நாள் தவணை கேட்டு அனுப்பி வைத்தோம்.

அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. களை எடுக்கும் இந்த அம்மாள் கேட்ட கேள்வியை இங்கிலாந்து தேசத்து ஆயர்களே ஒரு காலத்தில் கேட்டிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் பெரும் பண்டிதராக விளங்கிய நியூமன் 1845-ல் கத்தோலிக்கரானார். ஆக்ஸ்போர்டுக்கு வரும் கத்தோலிக்க இளைஞர்களுக்காக அந்த நகரிலேயே ஒரு மடம் ஏற்படுத்த வேண்டுமென்று 1860-களில் அவர் முயன்றார். காரியம் கைகூடவில்லை. அங்கே போகும் பிள்ளைகள் விசுவாசத்தை இழந்துவிடுவார்கள் என்று மேலிடத்தில் பயந்தார்கள். நியூமன் 1890-ல் காலமானார். ஐந்து வருஷங்களுக்குப் பின் 1895-ல்தான் ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கத்தோலிக்க மாணாக்கர் படிப்பதற்கு ரோமாபுரி அனுமதி கொடுத்தது. அதற்குள் 1893-லேயே அமெரிக்காவில், பென்ஸில்வேனியா சர்வகலாசாலை மாணாக்கர்கள் நியூமன் பெயரால் ஒரு சங்கம் வைத்துவிட்டார்கள். அவர் செய்ய விரும்பியும் செய்ய முடியாமற் போன வேலை, அவருடைய பெயராலேயே பல தேசங்களில் நடந்தது. 2019-ல் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. ஆயர்களையே ஐம்பது வருஷம் தயங்க வைத்த கேள்விக்கு, ஒரு சாதாரண உபாத்தியாயர் மூன்று நாளில் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டுவிட்டோமே என்று நம்மையே நொந்துகொண்டோம்!

பிறருடைய கதை போதாது, நம்முடைய கதையையும் புரட்டிப் பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது.

1997-ஆம் வருஷம் நமக்கு மறக்க முடியாத வருஷம். அவ்வருஷம் ஜனவரி 24-ந் தேதி, சேலம் மறைமாவட்டத்திலிருந்து தருமபுரி மறைமாவட்டம் தனியாகப் பிரிந்தது. அதே வருஷத்தில் தமிழக அரசு சேலத்தில் பெரியார் பல்கலைக் கழகத்தை நிறுவியது. ஒன்று ஆண்டவன் பெயரால் ஏற்பட்டது. மற்றொன்று ஆண்டவன் இல்லை என்று ஊர் ஊராகச் சொன்ன ஒரு கிழவரின் பெயரால் ஏற்பட்டது. இரண்டும் ஒரு வயதுப் பிள்ளைகள். அந்த வருஷத்தில்தான் நாமும் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, தொப்பூர்க் கணவாயைத் தாண்டி, வெளியூரில் ஓர் அரசாங்கக் கலாசாலையில் சேர்ந்தோம். கிளம்பும்போது நம் பாட்டியார் தம் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி நம்முடைய சட்டைப் பையில் போட்டார்.

முதல் வாரம் அது சட்டைப் பையில் இருந்தது. இரண்டாவது வாரம், மணிகள் வெளியே தெரிகின்றனவே என்று காற்சட்டைப் பைக்கு மாறியது. மூன்றாவது வாரம் பெட்டிக்குள் போய்விட்டது. யாராவது நம்மைப் பரிகாசம் செய்தார்களா என்றால், ஒருவரும் செய்யவில்லை. பரிகாசம் செய்துவிடுவார்களோ என்ற பயமே போதுமானதாயிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூங்கிவிட்டோம். மறு ஞாயிறு தூங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டோம். அப்புறம் அப்படிச் சொல்லிக்கொள்ளும் அவசியமும் இல்லாமற் போயிற்று.

விடுதியில் நம்முடைய அறையில் இருந்த சிநேகிதர் பகுத்தறிவுக் கொள்கையில் பற்றுள்ளவர். நல்ல படிப்பாளி. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் முதலில் கஞ்சி வைத்துக் கொடுப்பவர் அவர்தான். ஒரு நாள் இரவு பேச்சுவாக்கில் அவர் கேட்டார்: "உங்கள் வேதத்தில் எல்லோரும் சமம் என்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கல்லறையில் ஏன் சாதிக்கு ஒரு மூலை?"

நம்முடைய கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு முள்வேலி உண்டு. வேலிக்கு இந்தப் பக்கம் நம்முடையவர்கள். அந்தப் பக்கம் மற்றவர்கள். பதினேழு வருஷமாக அந்த வேலியைப் பார்த்திருக்கிறோம். அது ஒரு கேள்வி என்று அன்றுதான் தெரிந்தது.

அந்த ஊர் மாதா கோயிலுக்குப் பின்புறத்தில், பழைய பெஞ்சுகள் அடுக்கி வைத்திருந்த ஓர் அறையில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஒரு குரு மாணாக்கர்களைக் கூட்டி வைத்துப் பேசுவது வழக்கம். கலாசாலைக்குள் அவருக்கு அறையும் கிடையாது, அதிகாரமும் கிடையாது. சைக்கிளில் விடுதி விடுதியாகப் போய்ப் பிள்ளைகளை விசாரிப்பார். நம்மையும் இரண்டு முறை விசாரித்திருந்தார். நாம் ஒளிந்துகொண்டோம். இந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்த பிறகு நாமே அவரைத் தேடிப் போனோம். வாஸ்தவத்தைச் சொன்னால், சிநேகிதரின் வாயை அடைக்க நல்ல பதில் ஒன்று வாங்கிக்கொண்டு வரத்தான் போனோம்.

அவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன் சிநேகிதர் கேட்டது சரியான கேள்வி. என்னிடம் அதற்கு மறுப்பு இல்லை. அடுத்த வாரம் அவரையும் அழைத்துக்கொண்டு வா."

சிநேகிதர் வந்தார். மூன்று வருஷமும் அநேகமாகத் தவறாமல் வந்தார். ஜெபம் சொல்லும் நேரத்தில் வெளித் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பேச்சு ஆரம்பித்ததும் உள்ளே வருவார். குருவானவர் ஒரு நாளும் அவரை ஞானஸ்நானம் பெறச் சொன்னதில்லை. அவரும் ஒரு நாளும் நம்மை ஜெபமாலையைத் தூக்கி எறியச் சொன்னதில்லை.

ஒரு விடுமுறையில் குருவானவர் எங்கள் கூட்டத்தைப் பாப்பாரப்பட்டிக்கு அழைத்துக்கொண்டு போனார். கோயிலுக்குப் போகாமல் இங்கே ஏன் என்று கேட்டோம். சிறையில் தொழுநோய் பற்றி, ரயிலில் ஏறக்கூடாதென்று வெள்ளைக்காரச் சர்க்கார் தடுத்தபோதும், கால்நடையாக ஊர் ஊராகப் போய்ச் சுதந்திரத்தைப் பேசிய சுப்பிரமணிய சிவா, 1925-ல் கண்மூடிய இடம் அது. "ஊர் ஒதுக்கிய மனிதர் ஒருவர் ஊருக்காக நடந்தார். இதை உணராவிட்டால், நீங்கள் கோயிலில் வணங்குகிறவரையும் உணரமாட்டீர்கள்" என்றார் குருவானவர். நம்முடைய ஜில்லாவின் பெருமையை ஒரு வெளியூர்ச் சாமியார் சொல்லி நாம் தெரிந்துகொண்டோம்.

இந்தக் குருவானவர் தனியாக முளைத்தவரல்லர். அவருக்குப் பின்னால் ஒரு பரம்பரை உண்டு. 1924-ல் திருச்சி தூய வளனார் கல்லூரியில் கார்ட்டி என்ற சேசு சபைக் குரு கத்தோலிக்க வாலிபர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அதுவே பிற்பாடு அகில இந்தியக் கத்தோலிக்கப் பல்கலைக் கழக மாணவர் இயக்கமாக வளர்ந்து, 'ஐக்கஃப்' என்ற பெயரால் வழங்குகிறது. 1950-களிலும் 60-களிலும் அதற்கு ஆன்ம குருவாக இருந்தவர் செராக் அடிகளார். பிரான்சில் பிறந்து 1937-ல் இந்தியாவுக்கு வந்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்றவர். மாணாக்கரைச் சேரிகளுக்கும் கிராமங்களுக்கும் அழைத்துக்கொண்டு போனவர். பின்னர் வறண்ட மானாமதுரைச் சீமையில் பண்ணை அமைத்துக் கிணறுகள் வெட்டினார். 1980 முதல் பல வருஷம் தாய்லாந்து எல்லையில் கம்போடிய அகதிகளுக்குத் தொண்டு செய்தார். 2012-ல் சென்னையில் காலமானார். மாணாக்கருக்குக் குரு என்றால் அவர்களைப் பொத்திப் பாதுகாப்பவர் என்று நினைப்போருக்கு, இவருடைய ஜீவியமே மறுமொழி.

ரோமாபுரியில் கூடிய இரண்டாவது வத்திக்கான் சங்கமும், 1965 அக்டோபர் 28-ந் தேதி வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையில் இந்த விஷயத்தைக் குறிப்பிட்டது. கத்தோலிக்கமல்லாத சர்வகலாசாலைகளிலும் மாணாக்கருக்கு இல்லங்களும் நிலையங்களும் ஏற்பட வேண்டும், குருக்களும் துறவிகளும் இல்லறத்தாரும் அங்கே அறிவுக்கும் ஆன்மாவுக்கும் துணை நிற்க வேண்டும் என்று கூறிற்று. அதே அக்டோபர் 2-ந் தேதிதான் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி ஜில்லா பிறந்தது. பெரிய தீர்மானங்கள் ரோமாபுரியில் பிறக்கின்றன. நம் பக்கத்துக்கு வந்து சேரும்போது அவை ஒரு பழைய சைக்கிளாகவும், பெஞ்சுகள் அடுக்கிய ஓர் அறையாகவும் வந்து சேருகின்றன. அதுவும் போதும் என்று நம் அநுபவத்தில் சொல்லுவோம்.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரண்டாவது வருஷத்தில் பாட்டியார் காலமானார். சிநேகிதர் நம்முடன் கிராமத்துக்கு வந்தார். கல்லறைத் தோட்டத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் குழி வெட்டியிருந்தார்கள். நம்மோடு சேர்ந்து அவரும் ஒரு பிடி மண் போட்டார். பிறகு நிமிர்ந்து அந்த முள்வேலியைப் பார்த்தார். நம்மைப் பார்த்தார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெரியவர்கள் சூழ்ந்திருந்தார்கள், நாமும் வாய் திறக்கவில்லை. அவர் கேள்வி கேட்டபோது பட்ட வெட்கத்தைக் காட்டிலும், அவர் கேட்காமல் இருந்தபோது பட்ட வெட்கம் பெரிது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிய பிறகு, நாமும் இன்னும் நான்கு வாலிபர்களும் பங்குக் கூட்டத்தில் அந்த வேலியைப் பற்றிப் பேசினோம். சிலர் நம்முடைய வீட்டுக் கலியாணத்துக்கு வரமாட்டோம் என்றார்கள். அப்படியே வராமலும் இருந்தார்கள். வேலியை எடுக்க ஆறு வருஷம் பிடித்தது. இன்று அது இல்லை. ஆனால் குழி வெட்டும்போது பழைய எல்லை எது என்பதை ஊரில் ஒருவரும் மறப்பதில்லை. செய்த காரியம் இவ்வளவுதான். அதிகமாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆயினும், சாமி பெயர் சொல்லாத ஒரு கலாசாலைக்குப் போகாமல் இருந்திருந்தால், அந்த வேலியை நாம் சாகும் வரையில் வேலியாகவே பார்த்திருக்கமாட்டோம் என்பது நிச்சயம். அந்தப் பெஞ்சு அறை இல்லாமற் போயிருந்தால், வேலியோடு கோயிலையும் விட்டிருப்போம் என்பதும் அவ்வளவு நிச்சயம்.

மூன்றாம் நாள் அந்த அம்மாள் வந்தார். இந்தத் தடவை பெண்ணும் கூட வந்திருந்தாள்.

"போன மாதிரியே திரும்பி வருவாள் என்று நம்மால் சொல்ல முடியாது, அம்மா. அப்படி வந்தால் இரண்டு வருஷம் படித்தது வீண். ஆனால் தனியாக இருக்கமாட்டாள். அதற்கு மட்டும் நாம் பொறுப்பு" என்றோம். சேலத்தில் மாணாக்கர்களைக் கவனித்துக்கொள்ளும் குருவானவருடனும், ஒரு கன்னியாஸ்திரீயுடனும் கைபேசியில் பேசியிருந்ததைச் சொன்னோம். அவர்களுடைய எண்களைப் பெண்ணிடம் கொடுத்தோம்.

அந்த அம்மாள் வெகு நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நீங்க அங்கே போனப்போ உங்க வீட்டுல ஜெபமாலை கொடுத்தாங்களா, ஸார்?" என்று கேட்டார்.

கொடுத்தார்கள் என்றோம்.

"அதை என்ன பண்ணினீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தோம். மாணவியின் முன்னால் உபாத்தியாயர் பொய் சொல்வது நன்றாயிராது. மூன்றாவது வாரமே பெட்டிக்குள் போட்டுவிட்டதை ஒப்புக்கொண்டோம்.

"அப்புறம்?"

ஒன்றரை வருஷம் கழித்து எடுத்ததாகச் சொன்னோம்.

அந்த அம்மாள் முதல் தடவையாகச் சிரித்தார். தம் கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றிப் பெண்ணின் கையில் வைத்தார்.

"எடுக்கிற வரைக்கும் பெட்டியிலேயே இருக்கட்டும், கண்ணு" என்றார்.