நோகாமல் நடக்கப் பழகுதல்

முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நின்றதும் வழமைபோல எல்லாரும் இறங்கினோம். கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு, கச்சான் வாங்கித் திரும்பும்போதுதான் முன் சீற்றில் இருந்த அண்ணை படியேறுவதைக் கவனித்தேன். நல்ல காலை முதலில் வைத்தார். மற்றதை இடுப்போடு தூக்கி, அரைவட்டமாகச் சுழற்றி ஏற்றினார். முழங்காலுக்கு மேலிருந்தே பொய்க்கால்.

"2009இல போனது தம்பி. காலோட பழகியாச்சு. இப்ப நாரிதான் விடுகுதில்லை" என்றார்.

நான் இறங்கவேண்டிய மாங்குளத்தில்தான் அவரும் இறங்கினார். ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிற சந்தியைத் தாண்டி, அவரோடு நானும் போய்ச் சேர்ந்தது ஒரு வீட்டு விறாந்தைக்கு. வைத்தியசாலையில் வேலைசெய்யும் இயன்மருத்துவர் ஒருவர் தன் லீவு நாளில் அங்கே சிலருக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒரு பாய், நாலைந்து துவாய், இரண்டு கதிரை. எண்ணெய்ப் போத்தலைத் தேடினேன்; இல்லை.

முதலில் பொய்க்காலைத்தான் பார்த்தார். உயரம் சரியா, சொக்கெட் இறுக்கமா, தோலில் புண் உண்டா என்று தடவிப் பார்த்தார். "கால் பிழையெண்டால் நான் என்ன செய்தும் பிரயோசனமில்லை அண்ணை. திருத்தத்தான் அனுப்புவன்."

பிறகு காலைக் கழற்றிப் பாயில் படுக்கச் சொன்னார். அண்ணையின் நாரிக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு முட்டி நுழையும் இடைவெளி. அதற்குள் துவாயை மடித்து வைத்தார். ஒரு கையை இடுப்பெலும்பிலும் மற்றதை விலாவிலும் வைத்து, ஒரு விரலளவு நகர்த்துவார், விடுவார். பிசையவில்லை, இழுக்கவில்லை. "நோகுதோ?" என்று மட்டும் இடையிடையே கேட்டார். கால் மணித்தியாலத்தில் துவாயை உருவினார். இப்போது உள்ளங்கைதான் நுழைந்தது.

"நெல்லு மூட்டை சுமக்கிற ஆளின்ர தலையில இன்னொரு பிடி நெல்லைப் போட்டால் அவருக்குத் தெரியாது. வெறுங்கையில வச்சால் தெரியும். உடம்பும் அப்படித்தான். இறுக்கம் குறைஞ்சால்தான் எந்தத் தசை தேவையில்லாமல் வேலை செய்யுது எண்டு மூளைக்குப் பிடிபடும்."

இந்த முறைக்கு வழிகாட்டி மோசே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984). பௌதிகவியலாளர், ஜூடோ வீரர். பழுதான தன் முழங்காலோடு நடக்க வழிதேடி, தன் அசைவுகளையே கூர்ந்து கவனித்ததில் பிறந்தது இது. சொல்லிச் சொல்லி அசையவைப்பது ஒரு வகை. கையால் தொட்டு உணர்த்துவது மற்றது.

நானும் படுத்துப் பார்த்தேன். முழங்காலை மடித்து இடுப்பை மெல்லச் சரிக்கச் சொன்னார். "ஏன் மூச்சைப் பிடிக்கிறியள்?" என்று கேட்டபிறகுதான் பிடித்திருப்பதே எனக்குத் தெரிந்தது. கணினி முன் குந்தியிருக்கும்போதும் இதைத்தான் செய்கிறேன் போலும்.

இதை அற்புத வைத்தியம் என்று யாரும் நம்பவேண்டாம். சமநிலைக்கு உதவுவதாகச் சில ஆய்வுகள் சொன்னாலும், அவுஸ்திரேலிய அரசு 2015இல் வெளியிட்ட மீளாய்வு, பலன் தெளிவாக நிறுவப்படவில்லை என்றது. அந்த இயன்மருத்துவரும் அதை மறைக்கவில்லை. தசையைப் பலப்படுத்தும் வழமையான பயிற்சிகளை முடித்தபிறகே இதைச் சேர்க்கிறார். "பாரிசவாதம் எண்டு சந்தேகம் வந்தால் இங்க வரக்கூடாது. உடன ஆஸ்பத்திரிக்கு ஓடவேணும்" என்றார்.

செயற்கைக்கால் வடக்குக்குப் புதிதல்ல. 1968இல் இந்தியாவில் உருவான ஜெய்ப்பூர் கால், 1987இலிருந்து யாழ்ப்பாணத்திலேயே செய்யப்படுகிறது. ஆனால் காலைப் பொருத்தியதோடு அலுவல் முடிந்ததென்று நினைத்துவிடுகிறோம். ஒரு பக்கத்தைத் தூக்கித் தூக்கி நடக்கிற நடை வருடக்கணக்கில் நாரியைத் தின்கிறது.

அண்ணை காலை மாட்டிக்கொண்டு விறாந்தையில் நடந்தார். அரைவட்டம் இன்னும் இருந்தது, கொஞ்சம் சிறுத்திருந்தது. வீட்டில் செய்ய இரண்டு அசைவுகளும் அடுத்த மாதத்துக்கு ஒரு திகதியும் கிடைத்தன.

கால் போட்டு நாரி நோகிறவர்கள் பனடோலோடு காலத்தைக் கடத்தவேண்டாம். முதலில் காலைச் சரிபாருங்கள். பிறகு பக்கத்து வைத்தியசாலை இயன்மருத்துவரிடம் போய், "என்ர நடையை ஒருக்காப் பாருங்கோ" என்று கேளுங்கள்.